பூட்டியிருந்த வீடு

இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கலில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய சொற்பொழிவு



இன்று பிற்பகல், வெயில் சற்றே தணிந்த வேளையில், இருபுறமும் சீமைக்கருவேல் மண்டிய சாலை வழியாக நான் இவ்வூருக்குள் நடந்து வந்தபோது, குடங்கள் ஆடாமல் நிற்பதற்கென்றே துளையிட்டுச் செய்த தள்ளுவண்டியில் ஆறு குடம் குடிநீரைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்த ஒரு தாய், நான் இந்தக் கூட்டத்தில் பேச வந்தவன் என்பதை யார் மூலமோ அறிந்து, வண்டியை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எம்புள்ள காலேசுப் படிப்ப முடிச்சிருச்சு. மெட்ராசுல ஆறு மாசம் இருக்கணும்ங்குது. வேலையான்னு கேட்டா வேலை இல்லேங்குது. படிப்பான்னு கேட்டா படிப்பும் இல்லேங்குது. அப்ப அங்கிட்டுப் போயி என்னதான் செய்யும்?"

விலங்கியலில் பட்டம் பெற்று, சென்னையில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இந்த வாரம் புறப்பட இருக்கும் மாணவியைப் பாராட்டத்தான் இந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. அந்தத் தாய் அம்மாணவியின் தாயே. அவருடைய கேள்விக்கு நடுத்தெருவில் நின்று இரண்டு வார்த்தையில் விடை சொல்லிவிட என்னால் இயலவில்லை. தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறவரை நிறுத்தி வைத்துப் பேசுவதும் முறையன்று. ஆகவே, நான் எழுதிக்கொண்டு வந்திருந்த உரையைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, அவர் கேட்டதற்கு விடையாகவே இன்று பேசலாம் என்று தீர்மானித்தேன். அந்தத் தாய் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்று சொல்லும் இந்தப் பயிற்சி நம் நாட்டில் நேற்று முளைத்ததன்று. 1911ஆம் ஆண்டில் வேறு பெயரோடு தோன்றி, 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் பெற்ற அந்த மகாஸ்தாபனம், மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இளமையிலேயே ஆராய்ச்சியில் நாட்டம் உண்டாக வேண்டும் என்ற நோக்கத்தோடு, இரண்டு மாத காலக் குறுகிய ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை 1979இல் தொடங்கியது. அந்தத் திட்டம் மருத்துவம் படிப்போர்க்கு உரியது. ஆயினும் உயிரியல், வேதியியல், புள்ளியியல் படித்த பிள்ளைகளும் சில மாதங்கள் ஆராய்ச்சி நிலையங்களில் தங்கி, மூத்தவர்களின் நிழலில் நின்று வேலை பழகும் வழக்கம் இன்று பரவலாக நிலைபெற்றுவிட்டது. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையமும், 1999இல் அமைந்த தேசியத் தொற்றுநோயியல் நிலையமும், புதுச்சேரியில் கொசு முதலிய நோய்பரப்பிகளைப் பற்றி ஆராய்வதற்கென்று 1975இல் தொடங்கப்பட்ட நிலையமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன என்பது பெரிய விஷயமன்று. அங்கே போய் என்ன நடக்கிறது என்பதே அம்மா கேட்டது.

என் சொந்த அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், விலங்கியலில் பட்டம் பெற்று வேலையின்றி இருந்த காலத்தில், நம் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் காய்ச்சல் கணக்கெடுக்கும் பணிக்கு மூன்று மாதத் தற்காலிகப் பயிற்சியாளனாக நான் சேர்ந்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய், கடந்த பதினைந்து நாளில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டதா என்று கேட்டு, கண்டிருந்தால் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு, இல்லையென்றால் இல்லை என்று பேரேட்டில் எழுதிவிட்டு வருவதே வேலை. பட்டதாரியாகிய எனக்கு அது மிகவும் எளிய வேலையாகத் தோன்றியது. என் படிப்புக்குத் தக்க வேலைதானா என்றுகூட நினைத்தேன். ஒருநாள், ஊரின் கடைசியில் பனையோலை வேலிக்குள் தனியாக நின்ற ஒரு வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டேன். "அவுக ஏர்வாடி தர்காவுக்குப் போயிருக்காக தம்பி, எல்லாரும் நல்லாத்தான் இருக்காக" என்றார். பொழுதும் சாய்ந்துவிட்டது. நான் அந்த வீட்டின் எண்ணுக்கு நேரே, காய்ச்சல் இல்லை என்று எழுதி, கையெழுத்தும் இட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்களுக்கு மேற்பார்வையாளராக ஒருவர் இருந்தார். பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாதவர். இருபது ஆண்டுகள் அந்தப் பணியிலேயே கால் தேய நடந்தவர். நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைப்போம். நான்கைந்து நாள் கழித்து, சரிபார்ப்பதற்காக அவர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டார் தர்காவுக்குப் போனது நேர்த்திக்கடனுக்காக அன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஓதிப் பார்ப்பதற்காகப் போனவர்கள், அங்கிருந்து இராமநாதபுரத்துக்கு வைத்தியத்திற்குப் போயிருந்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அன்று மாலை என்னைத் தனியே அழைத்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேரேட்டை என் முன்னால் விரித்து வைத்து, "தம்பி, வீடு பூட்டியிருந்தா பூட்டியிருந்ததுன்னு எழுதுங்க. அதுவும் ஒரு செய்திதான். நீங்க 'இல்லை'ன்னு எழுதிட்டா, அந்த வீட்டைப் போய்ப் பார்க்கணும்னு யாருக்கும் தோணாது" என்றார்.

பிறகு, நான் எழுதியிருந்ததன் குறுக்கே ஒரே ஒரு கோடு போடச் சொன்னார். அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது, பழைய எழுத்து கோட்டுக்கடியில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு மேலே, வீடு பூட்டியிருந்தது என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் என் கையெழுத்தையும் இடச் செய்தார். பிழை செய்தவன் யார், அதைத் திருத்தியவன் யார், எப்போது திருத்தினான் என்பவை மூன்றும் அந்தப் பக்கத்தில் என்றென்றைக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் பெரிய ஆய்வுக்கூடங்களில், மிகப்பெரிய படிப்புப் படித்தவர்களிடமிருந்து, குறிப்பேடு எழுதும் விதியாக நான் கேட்டதும் எழுத்துக்கு எழுத்து இதுவேதான். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பெற்ற கல்வி ஒரு பக்கமும், அந்த ஒரு மாலை நேரம் மறுபக்கமும் வைத்து நிறுத்தால், என்னை விஞ்ஞான மாணவனாக ஆக்கியது அந்த மாலைதான் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

உண்டு என்று எழுதுவது எளிது. கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கண்டு எழுதிவிடலாம். இல்லை என்று எழுதுவதற்குத்தான் தேடியிருக்க வேண்டும். தேட வேண்டிய இடமெல்லாம் தேடி, கேட்க வேண்டியவர்களையெல்லாம் கேட்டு, காத்திருக்க வேண்டிய காலமெல்லாம் காத்திருந்த பிறகே அந்தச் சொல்லை எழுதும் அதிகாரம் ஒருவனுக்கு வருகிறது. சுகாதார ஆராய்ச்சியில் பயிற்சி பெறுவது என்பதன் சாரம் அந்த அதிகாரத்தைச் சம்பாதிப்பதே என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு மகத்தான சாட்சி இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்ற பெயரை இங்குள்ள மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அது நம் பாக்கியம். படியிறங்கி நீர் மொள்ளும் ஊருணியிலும் படிக்கிணற்றிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர் ஒன்று இருக்கிறது. சைக்ளாப்ஸ் என்று பெயர். அதன் உடலுக்குள் நரம்புச் சிலந்தி என்னும் புழுவின் குஞ்சு தங்கியிருக்கும். அந்த நீரை வடிகட்டாமல் குடித்தவனுடைய உடலில் அது ஏறத்தாழ ஓராண்டு காலம் ஓசையின்றி வளர்ந்து, பிறகு காலில் கொப்புளமாய் எழும்பி, எரிச்சல் தாளாமல் அவன் ஊருணியில் காலை நனைக்கும்போது ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். ஒரு முழத்திற்கு மேலும் நீண்டிருக்கும் அந்தப் புழுவைச் சிறு குச்சியில் நாள்தோறும் கொஞ்சங் கொஞ்சமாகச் சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் கால் சீழ்பிடிக்கும். அதைக் கொல்ல மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. நம் தேசம் அதை வென்றது துணியால் நீரை வடிகட்டியும், படிக்கிணறுகளை இறைக்கும் கிணறுகளாக மாற்றியும், நோயுற்றவர் நீரில் இறங்காதபடி பார்த்துக்கொண்டுமே.

1980களின் தொடக்கத்தில் தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, இன்னும் எத்தனை பேர் என்பதே முதற்கேள்வியாக இருந்தது. ஆனால் ஒழிந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நாள் நெருங்க நெருங்க, வேலை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. 1996 ஜூலையில் இராஜஸ்தானத்து ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி காணப்பட்டார். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில், ஒருவரும் அகப்பட மாட்டார் என்று தெரிந்தே, பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீடுவீடாகக் கேட்டு, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனார்கள். அந்த எண்ணற்ற இல்லைகளின் மீதுதான், 2000 பிப்ரவரியில் இந்தியா நரம்புச் சிலந்தியற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கொடுத்த சான்று நிற்கிறது. அவற்றுள் என் போன்ற ஒரு பயிற்சியாளன் பூட்டிய வீட்டுக்கு முன் நின்று சோம்பலால் எழுதிய இல்லை ஒன்று கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

இனி, இந்தப் பெண் போகவிருக்கும் சென்னைக்கே வருவோம். காசநோயாகிய க்ஷயரோகம் வந்துவிட்டால் தாம்பரம் சானடோரியத்துக்குப் போக வேண்டும், அல்லது யமலோகத்துக்குப் போக வேண்டும் என்று ஜனங்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. சௌரி முத்து என்ற வைத்தியர் 1928இல் நிறுவிய அந்த சானடோரியம் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆயினும் நோயாளிகளோ இலட்சக்கணக்கில், கட்டில்களோ சில நூறு. இந்நிலையில் 1956ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் அந்தக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் தலைமையில் அங்கே கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: நல்ல மருந்துகள் வந்துவிட்ட இக்காலத்தில், ஓர் ஏழை நோயாளி நல்ல ஆகாரமும் ஓய்வும் தூய காற்றும் உள்ள சானடோரியத்தில் ஓராண்டு படுத்திருந்து பெறும் குணத்தை, நெரிசல் மிக்க தன் குடிசையிலேயே இருந்து, அதே மாத்திரைகளை விழுங்கிப் பெற முடியுமா?

சீட்டெடுப்பது போன்ற முறையில் நோயாளிகள் இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு கூட்டத்தார்க்கும் அதே மருந்துகள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குணமடைவதில் இரண்டு கூட்டத்திற்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. வீட்டில் தங்கியவர்களின் மனைவி மக்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959 முதல் வெளியான இந்த முடிவுகள், உலகமெங்கும் க்ஷயரோக சிகிச்சையைக் கட்டிலிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன. சென்னை நகரத்து ஏழைகளின் வீட்டு வாசலில் பிறந்த ஒரு ஞானம் பணக்கார நாடுகளின் வைத்தியத்தையும் மாற்றிவிட்டது என்பதை நினைத்து நாம் நியாயமாகவே பெருமை கொள்ளலாம்.

ஆனால் அந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி எங்கே இருந்தது என்று கேட்டால், வீட்டில் இருந்தவர் மருந்தை உண்மையிலேயே விழுங்கினாரா என்று அறிவதில் இருந்தது. முன்னறிவிப்பின்றி அவர்கள் வீட்டுக்குப் போய், மீந்த மாத்திரைகளை எண்ணி, சிறுநீரைச் சோதித்து எழுதி வந்த பணியாளர்கள் இருந்தார்கள். நோயாளி வெட்கப்படுவார், பொய் சொல்வார், சில நாள் கோபித்துக்கொள்வார். அவரைக் குற்றவாளியாக்காமல், அவர் மனம் நோகாமல், உண்மையை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புவதற்கு எவ்வளவு பக்குவம் வேண்டும்! அந்தப் பணியாளர்களின் பெயர்களை உலகம் அறியாது. அவர்கள் எழுதிய எண்களையே உலகம் அறியும்.

ஆய்வுக்கூடத்திற்குள்ளும் இதே பாடந்தான். க்ஷயரோகக் கிருமியை வளர்ப்பதற்குக் கோழிமுட்டையை உடைத்து, நன்றாகக் கலக்கி, வடிகட்டி, உப்புச் சத்துக்களோடு மாலகைட் பச்சை என்னும் சாயத்தையும் சேர்த்து, சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, அவற்றைச் சாய்த்து வைத்துச் சூட்டில் உறையவிடுகிறார்கள். பார்ப்பதற்குப் பச்சை நிற அல்வாத் துண்டு சாய்ந்து கிடப்பது போல் இருக்கும். அதன் மீது நோயாளியின் சளியைப் பக்குவப்படுத்தி இட்டு, நம் உடற்சூட்டுக்கு ஒத்த 37 டிகிரியில் வைக்கிறார்கள். குடலில் வாழும் சாதாரணக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பெருகிவிடும். க்ஷயரோகக் கிருமிக்கோ அதற்கு ஏறத்தாழ ஒருநாள் வேண்டும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மீண்டும் வைத்து, எட்டு வாரமும் ஒன்றும் முளைக்கவில்லையென்றால்தான் வளர்ச்சி இல்லை என்று எழுதலாம். ஏழாம் வாரம் எழுதினாலும் அது பொய். இந்தப் பெண் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளப் போகும் மிகக் கடினமான வித்தை அந்த எட்டாவது வாரம்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே.

சென்னையில் படித்த மற்றொரு மாணவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்ற எல்லாப்பிரகட சுப்பராவ், பாஸ்டன் நகரம் சேர்ந்தபோது கையில் பொருள் இல்லை. பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களை அகற்றிக் கழுவும் ஊழியம். உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவர் ஆகையால், அந்த நோயைத் தீர்க்கும் மருந்தைக் காண வேண்டும் என்ற தாபம் அவரை வாட்டியது. ஆயினும் அவர் முதலில் சாதித்தது மருந்தன்று; ஓர் அளவுமுறை. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு பிழையின்றி அளப்பதற்கு, தம் ஆசிரியர் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925இல் அவர் வகுத்த முறை, பல தலைமுறை மாணவர்களின் கையில் புழங்கியது. அந்த அளவுகோல் கையில் இருந்தபடியால்தான், தசைகள் இயங்கச் சக்தி தரும் சேர்மங்களை அவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் கண்டுபிடிக்க முடிந்தது. அளக்கக் கற்றவருக்கே அடுத்த கதவு திறந்தது. பின்னாளில் அவர் வழிநடத்திய ஆய்வுக்கூடத்திலிருந்து 1947இல் வெளிவந்த டைஎதில்கார்பமசைன் என்னும் மருந்துதான், யானைக்கால் நோயைத் தடுப்பதற்கென்று தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வாசலில் நின்று, தங்கள் கண்முன்னே விழுங்கச் சொல்லிக் கொடுத்த மாத்திரை. அம்மருந்து வெளிவந்த அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அந்த மாத்திரையை விழுங்கியவர்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்!

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால், ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. க்ஷயரோகக் கிருமியைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல், அமெரிக்காவில் ஒரு விவசாயக் கல்லூரியின் நிலவறையில் இரவுபகலாக உழைத்துக் கண்டெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். 1952இல் நோபல் பரிசு அவர் ஆசிரியர் வாக்ஸ்மன் ஒருவருக்கே கிடைத்தது. தம் பங்கை நிலைநாட்ட அம்மாணவர் அதற்கு முன்பே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளை எண்ணிய எண்ணுக்கு அந்தப் பிள்ளையின் பெயரை எழுதுவது ஆசிரியர் காட்டும் தயவு அன்று. பேரேட்டில் உண்மை எழுதுவதன் ஒரு பகுதியே அது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

நம் சொந்தக் கரைக்கே திரும்புகிறேன். 1980களின் தொடக்கத்தில், புதுச்சேரி நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் இராமேசுவரம் தீவில் மலேரியா ஏன் ஓயாமல் நீடிக்கிறது என்று கண்டறிய வந்தார்கள். விடியுமுன்னே எழுந்து, கைவிளக்கும் வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாயும் ஏந்தி, மாட்டுக்கொட்டிலிலும் வீட்டு மூலைகளிலும் ஒட்டியிருக்கும் கொசுக்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடித்து, பிறகு உருப்பெருக்கியின் கீழே ஒரு சொட்டு உப்புநீரில் கிடத்தி, இரண்டு ஊசிமுனைகளால் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுத்து, அதற்குள் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வேலை. கொசுவின் தலையை உடலிலிருந்து இழுக்கும்போது கை ஓர் அணுவளவு நடுங்கினாலும் சுரப்பி அறுந்துவிடும். அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற இனத்துக் கொசுவே அங்கு நோய் பரப்புகிறது என்று அவர்கள் 1984இல் எழுதினார்கள். கிருமி காணப்பட்ட கொசு ஒன்றிற்குப் பின்னால், ஒன்றும் காணப்படாமல் இல்லை என்று எழுதப்பட்ட கொசுக்கள் எத்தனையோ!

இதே கரையில் வேறொரு வகையான கணக்கெடுப்பும் நடந்ததுண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன நம் ஜனங்கள் கப்பலேறுமுன், மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, எண்ணப்பட்டு அனுப்பப்பட்டார்கள். நோய் பரவாமல் தடுப்பது நல்ல காரியமே. ஆனால் உனக்குச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிற்பாடு அதே முகாமுக்கு 1949இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் வந்து சேர்ந்து, மீன்களையும் பாசிகளையும் எண்ணத் தொடங்கியது என்பது ஒரு விசித்திரமான சரித்திரம். மனிதரை எண்ணுவதற்கும் மீனை எண்ணுவதற்கும் உள்ள பேதத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் கொள்கையாக எழுதி வைத்தது. 2000, 2006, 2017ஆம் ஆண்டுகளில் அதை மேலும் விரித்தது. ஆராய்ச்சிக்கு உட்படுபவருக்கு அவருடைய பாஷையில், அவருக்கு விளங்கும்படி எல்லாவற்றையும் சொல்லி, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே ஒரு சொட்டு இரத்தமும் எடுக்கலாம். சம்மதப் பத்திரத்தை வாசித்துக் காட்டும் வேலை பெரும்பாலும் பயிற்சியாளருக்கே வந்து சேரும். இந்த ஊர்ப் பாட்டிமார் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண்ணைவிட அதை யார் நன்றாகச் செய்ய முடியும்?

அந்தப் பெண் ஒருநாள் இந்த ஊருக்கே ஒரு கேள்வியைக் கொண்டு திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன். குண்டு மிளகாய் நன்றாகச் சிவக்கும் இந்தப் பூமியில் கிணற்று நீர் உவர்ப்பு. வங்க தேசத்துக் கரையோரங்களில், குடிநீரில் உப்பு மிகுந்த இடத்துக் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் மிகுவதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இங்கே எப்படி? வாலிநோக்கத்து உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்களுடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது? கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் நம் பெண்களின் கண்ணும் காதும் தோலும் எப்படி இருக்கின்றன? வெளியூரிலிருந்து வருபவருக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகள் இவை. தண்ணீர் வண்டி தள்ளிய கைக்குத்தான் தோன்றும்.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு இப்போது நேரே விடை சொல்கிறேன். உங்கள் மகள் அங்கே போய் முதல் மாதம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவும். குப்பிகளில் எண் எழுதி ஒட்டும். பெரியவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும். இரண்டாம் மாதம் ஒரே சோதனையைப் பத்துத் தடவை செய்து, பத்தும் ஒத்துவரவில்லை என்று அழும். உங்களுக்குத் தொலைபேசியில் பேசும்போது அதைச் சொல்லாது. பிறகு ஒருநாள் பத்தும் ஒத்துவரும். யாருடைய வீட்டு வாசலிலோ போய் நின்று, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, போகச் சொன்னால் வணங்கிவிட்டுத் திரும்பும். தான் கண்டதைக் கண்டபடியும் காணாததைக் காணவில்லை என்றும் எழுதும். ஆறு மாதம் முடிந்து வரும்போது பணம் கொண்டுவராது. ஒரு சான்றிதழும் ஒரு குறிப்பேடும் கொண்டுவரும். அடுத்த வேலைக்கோ மேற்படிப்புக்கோ அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் சான்றிதழைக் கேட்பார்கள். விவரம் அறிந்தவர்களாயிருந்தால் குறிப்பேட்டையும் கேட்பார்கள்.

என்னுடைய பழைய குறிப்பேட்டை இன்று எடுத்து வந்திருக்கிறேன். அந்தக் கணக்கெடுப்பு முடிந்தபோது பேரேடு அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதன் ஒவ்வொரு வரியையும் பயிற்சியாளர்கள் சொந்தக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், பேரேட்டில் செய்த திருத்தத்தை இதிலும் அப்படியே செய்ய வேண்டும் என்பதும் அண்ணன் வைத்த வழக்கம். அட்டை கிழிந்துவிட்டது, ஓரம் செல்லரித்திருக்கிறது. நடுப்பக்கம் ஒன்றில், காய்ச்சல் இல்லை என்ற என் எழுத்தும், அதன் குறுக்கே போன ஒற்றைக் கோடும், அதற்கு மேல் வீடு பூட்டியிருந்தது என்ற வரியும், தேதியும், கையெழுத்தும் இன்றும் படிக்கும்படியாகவே இருக்கின்றன. பின்பக்கத் தாள்கள் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. அந்தப் பெண் அவற்றில் எழுதிக்கொள்ளலாம். அம்மா, நீங்களே வந்து இதை உங்கள் கையால் வாங்கி மகளிடம் கொடுக்க வேண்டும்.